துருவத்து ஓசோன் இழப்பும் வெப்பமண்டல வானமும்: கொடைக்கானல் அளவீடு முதல் மேட்டூர் உற்பத்தி நிறுத்தம் வரை

ஆய்வுச்சுருக்கம்

துருவப் பகுதிகளில் ஓசோன் படலம் சிதைந்த வரலாறு பெரும்பாலும் அண்டார்க்டிக் ஆய்வு நிலையங்களின் வரலாறாகவே எழுதப்படுகிறது. அவ்வரலாற்றின் மறுபாதி வெப்பமண்டல வானத்தில் உள்ளது என்பதை இக்கட்டுரை நிறுவ முற்படுகிறது. ஓசோன் மிகுதியாக உருவாகும் இடமும், அதனை அழிக்கும் வேதிப்பொருள்கள் மேல்வளிமண்டலத்திற்குள் நுழையும் வாயிலும் வெப்பமண்டலமே ஆகும். 1928இல் கொடைக்கானலுக்கு அனுப்பப்பெற்ற டாப்சன் கருவி, கே. ஆர். இராமநாதனின் மேல்வளி வெப்பநிலை ஆய்வு, 1987ஆம் ஆண்டின் ஐதராபாத் பலூன் ஆய்வு, மேட்டூரில் குளோரோ ஃபுளோரோ கார்பன் உற்பத்தி நிறுத்தப்பட்டமை ஆகிய சான்றுகளின் வழி இக்கருத்து விளக்கப்படுகிறது. 12 பாகை வட அகலாங்கை ஒட்டி அமைந்த தருமபுரி மாவட்டத்து வத்தல்மலை, இவ்வரலாற்றின் பயனை மதிப்பிடுவதற்குரிய இடமாகக் கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: ஓசோன் படலம், அண்டார்க்டிகா, கொடைக்கானல் வானாய்வகம், கே. ஆர். இராமநாதன், மான்ட்ரியல் நெறிமுறை, மேட்டூர், வத்தல்மலை.

முன்னுரை

புவியின் மேற்பரப்பிலிருந்து ஏறத்தாழ 15 முதல் 35 கிலோமீட்டர் வரையிலான படையடுக்குப் பகுதியில் ஓசோன் வளி செறிந்துள்ளது. அதனை முழுவதும் தரைமட்ட அழுத்தத்திற்குக் கொண்டுவந்து பரப்பினால் உலகச் சராசரியில் 3 மில்லிமீட்டர் தடிமனே தேறும். இத்தடிமனின் நூற்றில் ஒரு மில்லிமீட்டரை ஒரு டாப்சன் அலகு என்பர். எனவே உலகச் சராசரி ஏறத்தாழ 300 அலகாகும். உயிர்களுக்குத் தீங்கு பயக்கும் புறஊதாக் கதிர்களைத் தடுத்து நிறுத்துவது இம்மெல்லிய வளியே.

தமிழில் வெளிவந்துள்ள சுற்றுச்சூழல் நூல்களிலும் பாடநூல்களிலும் ஓசோன் இழப்பு இரு வகையில் இடம்பெறுகிறது. ஒன்று, தொலைவிலுள்ள அண்டார்க்டிகாவின் செய்தியாக. மற்றொன்று, புவி வெப்பமயமாதலோடு வேறுபாடின்றிக் கலந்த பொது எச்சரிக்கையாக. இவ்விரு போக்குகளிலும் தமிழ்நிலம் இவ்வரலாற்றில் எங்கு நிற்கிறது என்னும் வினா எழுவதில்லை. துருவத்தில் நேர்ந்ததை அறிவதற்கு வெப்பமண்டலத்தின் அளவீடுகள் ஏன் தேவைப்பட்டன, இழப்பை விளைவித்த பொருள்கள் எவ்வழியாகத் துருவத்தை அடைந்தன, அவற்றின் உற்பத்தி எவ்வாறு நிறுத்தப்பட்டது என்னும் மூன்று வினாக்களின் வழி அவ்விடம் இங்கே தேடப்படுகிறது.

கொடைக்கானலுக்கு வந்த கருவி

ஓசோனுக்கு அப்பெயரை இட்டவர் கிறிஸ்டியன் ஷோன்பைன்; காலம் 1840ஐ ஒட்டியது. சூரிய நிறமாலையின் புறஊதாப் பகுதி திடீரென அறுபடுவதற்கு மேல்வளியிலுள்ள ஓசோனே காரணம் என 1881இல் ஹார்ட்லி கருதினார். 1913இல் பிரெஞ்சு இயற்பியலாளர்களான சார்லஸ் ஃபாப்ரி, ஆன்றி புய்சன் ஆகியோர் அதனை உறுதிசெய்து படலத்தின் அளவையும் கணித்தனர். எனினும் இவை ஓரிடத்தில் நிகழ்ந்த அளவீடுகள். ஓசோன் நாளுக்கு நாள், ஊருக்கு ஊர் எவ்வாறு மாறுகிறது என்பதை அறிய ஒரே வகையான கருவிகள் பல இடங்களில் வேண்டியிருந்தன.

அதனைச் செய்தவர் ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த கார்டன் டாப்சன். 1920களின் நடுப்பகுதியில் அவர் வடிவமைத்த நிறமாலைவரைவி, சூரிய ஒளியின் புறஊதாப் பகுதியை ஒளிப்படத் தகட்டில் பதிவுசெய்தது. ஓசோன் மிகுதியாக உறிஞ்சும் அலைநீளத்திற்கும் குறைவாக உறிஞ்சும் அலைநீளத்திற்கும் இடையிலான ஒளிச்செறிவு விகிதத்திலிருந்து வளிமண்டலத்தின் மொத்த ஓசோன் கணக்கிடப்பட்டது. தேவையற்ற கண்ணுறு ஒளியை வடிகட்டுவதற்குக் குளோரின், புரோமின் வளிகள் அடங்கிய சிறு கலம் அக்கருவியில் பொருத்தப்பட்டிருந்தது. பிற்காலத்தில் ஓசோனை அழிப்பவையாக அறியப்பட்ட அதே இரு தனிமங்கள், ஓசோனை முதன்முதலில் முறையாக அளந்த கருவியின் உறுப்பாக இருந்தன.

1926, 1927ஆம் ஆண்டுகளில் ஐரோப்பிய நிலையங்களில் இயங்கிய அக்கருவிகள் பின்னர்த் திரும்பப் பெறப்பட்டு 1928இல் உலகின் பல பகுதிகளுக்கு அனுப்பப்பட்டன. கலிபோர்னியாவின் டேபிள் மவுண்டன், எகிப்தின் ஹெல்வான், நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் ஆகியவற்றோடு தேர்ந்தெடுக்கப்பட்ட மற்றோர் இடம் கொடைக்கானல். இவற்றுள் வெப்பமண்டலத்தின் உட்பகுதியில் அமைந்தது கொடைக்கானல் மட்டுமே.

இத்தேர்வு தற்செயலானதன்று. சென்னையில் 1792 முதல் இயங்கிய வானாய்வகத்தின் சூரிய ஆய்வுப் பணி பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கொடைக்கானலுக்கு மாற்றப்பட்டது. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,340 மீட்டர் உயரம், தெளிந்த வானம், சூரிய நிறமாலையைப் பதிவுசெய்வதில் தேர்ந்த பணியாளர்கள் ஆகிய மூன்றும் அங்கு ஒருங்கே அமைந்திருந்தன. சூரியப் புள்ளிகளில் வளி பாயும் விளைவை ஜான் எவர்ஷெட் 1909இல் கண்டறிந்ததும் அங்கேயே. டாப்சன் கருவி வந்தபோது ஆய்வகத்தின் இயக்குநராக இருந்த தாமஸ் ராய்ட்ஸ், முன்னர் ரூதர்ஃபோர்டுடன் இணைந்து ஆல்ஃபா துகள்களின் இயல்பை நிறமாலை வழி மெய்ப்பித்தவர். வானிலை ஆய்வுத் துறையின் ஆளுகையில் இவ்வானாய்வகம் இருந்தமையும் ஓசோன் பணிக்கு உகந்ததாயிற்று.

கொடைக்கானல் அளவீடுகள் தந்த செய்தி தெளிவானது. உயர் அகலாங்குகளில் இளவேனிலில் ஓசோன் பெரிதும் மிகுந்து இலையுதிர் காலத்தில் குறைந்தது. கொடைக்கானலிலோ ஆண்டு முழுவதும் அது குறைவாகவே இருந்தது; மாத வேறுபாடும் சிறிதே. சூரியன் உச்சியில் நின்று எரிக்கும் நாட்டில் ஓசோன் குறைவு. ஆறு மாத இருளில் மூழ்கி எழும் துருவத்தை ஒட்டிய நாடுகளில் மிகுதி. இம்முரணே அடுத்த முப்பது ஆண்டுக்கால வளிமண்டல ஆய்வின் மையப் புதிராயிற்று.

உருவாகும் இடமும் சேரும் இடமும்

1930இல் சிட்னி சாப்மன் ஓசோன் உருவாகும் முறையை விளக்கினார். புறஊதாக் கதிர் ஆக்சிஜன் மூலக்கூற்றைப் பிளக்கிறது. பிரிந்த அணு மற்றொரு மூலக்கூற்றோடு சேர்ந்து ஓசோனாகிறது. இவ்விளக்கத்தின்படி கதிர் மிகுந்த வெப்பமண்டலத்தின் மேல்வானமே ஓசோனின் முதன்மை விளைநிலம். அங்ஙனமாயின் விளைநிலத்தில் குறைவும் வேற்றிடத்தில் நிறைவும் ஏன்? ஓசோன் சூரிய ஒளியால் உருவாவது உண்மையாயின், மேல்வளி வெப்பமண்டலத்திலிருந்து துருவம் நோக்கி மெல்ல நகர்ந்து அங்குக் கீழிறங்க வேண்டும் எனச் சாப்மனுக்கு ஓராண்டு முன்பே டாப்சனும் அவருடன் பணியாற்றியோரும் கருதியிருந்தனர். அதனை மெய்ப்பிக்க அவர்களிடம் அன்று சான்று இல்லை.

சான்றின் ஒரு பகுதி இந்தியாவிலிருந்து வந்தது. கே. ஆர். இராமநாதன் 1893இல் அன்றைய சென்னை மாகாணத்து மலபார் மாவட்டத்தில், பாலக்காட்டை அடுத்த கல்பாத்தியில் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, கல்கத்தாவில் சி. வி. இராமனுடன் ஆய்வு செய்து, 1925இல் இந்திய வானிலை ஆய்வுத் துறையில் சேர்ந்தவர். பலூன்களில் அனுப்பப்பட்ட கருவிகளின் பதிவுகளைத் தொகுத்து 1929இல் நேச்சர் இதழில் அவர் வெளியிட்ட கட்டுரை, வடகோளத்தின் மேல்வளி வெப்பநிலைப் பரவலைக் காட்டியது. கீழடுக்கின் மேலெல்லை நிலநடுக்கோட்டுப் பகுதியில் 16, 17 கிலோமீட்டர் வரை உயர்ந்திருப்பதும், அவ்வுயரத்தில் மிகக் குளிர்ந்த வளி துருவத்திற்கு மேலன்றி வெப்பமண்டலத்திற்கு மேலே இருப்பதும் அதனால் புலனாயின. தரையில் வெம்மை மிகுந்த நாட்டின் மேல்வானம் கடுங்குளிர் உடையது என்னும் இம்முடிவு அன்று வியப்பளித்தது.

இதன் முழுப்பொருள் இருபது ஆண்டுகள் கழித்தே வெளிப்பட்டது. 1949இல் ஆலன் புரூவர், இங்கிலாந்தின் மேலுள்ள படையடுக்கு வளி மிகவும் உலர்ந்திருப்பதற்குக் காரணம் தேடினார். வளி ஏதேனும் ஓரிடத்தில் கடுங்குளிரைக் கடந்து தன் ஈரத்தை உறையவிட்டு மேலேறியிருக்க வேண்டும். அத்தகைய குளிர் வெப்பமண்டலத்துக் கீழடுக்கின் மேலெல்லையில்தான் உண்டு. எனவே படையடுக்குக்குள் வளி நுழையும் முதன்மை வாயில் வெப்பமண்டலமே என அவர் முடிவு செய்தார். 1956இல் டாப்சன் ஓசோன் பரவலின் வழி அதே முடிவை எட்டினார். இன்று புரூவர்-டாப்சன் சுழற்சி எனப்படும் இவ்வோட்டம், வெப்பமண்டலத்தில் உருவாகும் ஓசோனை மேலும் கீழும் இருபுறமும் பரப்பித் துருவங்களின் கீழ்ப்படையடுக்கில் சேர்க்கிறது. கொடைக்கானலில் ஓசோன் குறைவதும் வடதுருவ இளவேனிலில் மிகுவதும் ஒரே ஓட்டத்தின் இரு முனைகள்.

இவ்விளக்கம் துருவச் சிதைவின் வரலாற்றுக்கும் அடிப்படையானது. ஓசோனைத் துருவத்திற்குக் கொண்டுசெல்லும் அதே வழியே ஓசோனை அழிப்பனவற்றையும் கொண்டுசெல்லும்.

பன்னாட்டுப் புவியியற்பியல் ஆண்டும் நீள்தொடர் அளவீடும்

1957-58ஆம் ஆண்டின் பன்னாட்டுப் புவியியற்பியல் ஆண்டு, ஓசோன் அளவீட்டை உலகளாவிய முயற்சியாக ஆக்கியது. அதற்கு முந்தைய மூன்றாண்டுகள், 1954 முதல் 1957 வரை, பன்னாட்டுப் புவிப்பரப்பியல், புவியியற்பியல் ஒன்றியத்தின் தலைவராக இருந்தவர் கே. ஆர். இராமநாதன், அப்போது அகமதாபாத் இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநராகவும் அவர் பணியாற்றினார். ஒளிமின் கருவியாக மேம்படுத்தப்பட்ட டாப்சன் நிறமாலை ஒளிமானிகள் கொடைக்கானல் உள்ளிட்ட இந்திய நிலையங்களில் இயங்கின. வெப்பமண்டல ஓசோன் ஏறத்தாழ ஈராண்டுக்கு ஒருமுறை ஏறி இறங்கும் தன்மையை இராமநாதன் 1963இல் எடுத்துரைத்தார்.

மொத்த ஓசோனை அளப்பதோடு, எந்த உயரத்தில் எவ்வளவு உள்ளது என்பதையும் அறிய வேண்டியிருந்தது. பீர்மேட்டில் பிறந்து சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற அன்னா மாணி, புணேயிலுள்ள வானிலைக் கருவிப் பிரிவில் 1960களில் இந்திய ஓசோன்சோண்டே என்னும் பலூன் கருவியை உருவாக்கும் பணிக்குத் தலைமை தாங்கினார். வேதிக்கரைசலின் ஊடே காற்றைச் செலுத்தி, ஓசோனால் எழும் மின்னோட்டத்தை அளந்து வானொலி வழி தரைக்கு அனுப்பும் கருவி அது. இக்கருவியே பின்னாளில் இந்திய அண்டார்க்டிக் நிலையத்திற்கும் சென்றது.

அதே புவியியற்பியல் ஆண்டை ஒட்டி அண்டார்க்டிகாவின் ஹேலி விரிகுடாவில் பிரித்தானியர் நிறுவிய நிலையத்திலும் டாப்சன் கருவி வைக்கப்பட்டது. 1956ஆம் ஆண்டின் செப்டம்பர், அக்டோபர் மாத அளவுகள் வடதுருவத்தை ஒட்டிய ஸ்பிட்ஸ்பெர்கனின் இளவேனில் அளவுகளைவிட ஏறத்தாழ 150 அலகு குறைந்திருந்தன. முதலில் கருவியையோ கையாள்வோரையோ ஐயுற்ற டாப்சன், அடுத்த ஆண்டும் அதே நிலை தோன்றவே, தென்துருவக் குளிர்காலச் சுழல்காற்று நவம்பர் வரை உடையாதிருப்பதே காரணம் எனத் தெளிந்தார். இக்குறைவு இயற்கையானது. அன்றைய அக்டோபர் சராசரி 300 அலகை ஒட்டியே இருந்தது. பின்னர் நிகழ்ந்த சிதைவை அளப்பதற்கு இவ்வெண்ணே அடிக்கல்லாயிற்று.

குளிரூட்டியிலிருந்து படையடுக்குக்கு

கொடைக்கானலுக்கு டாப்சன் கருவி அனுப்பப்பட்ட 1928ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில் தாமஸ் மிட்ஜ்லியும் அவருடன் பணியாற்றியோரும் குளோரோ ஃபுளோரோ கார்பன் சேர்மங்களைக் குளிரூட்டும் பொருளாகப் பயன்படுத்தும் வழியைக் கண்டனர். அதுவரை குளிர்ப்பெட்டிகளில் பயன்பட்ட அமோனியாவும் சல்ஃபர் டை ஆக்சைடும் நச்சுத்தன்மை உடையவை. புதிய சேர்மங்கள் எரியாதவை, நச்சற்றவை, எதனோடும் எளிதில் வினைபுரியாதவை. பாதுகாப்புக்குக் காரணமான இவ்வினையாமையே பிற்காலக் கேட்டுக்கும் காரணமாயிற்று. கீழடுக்கில் அழியாத இச்சேர்மங்கள் பல பத்தாண்டுகள் நிலைத்து உலகெங்கும் பரவின.

1974இல் மரியோ மொலினா, ஷெர்வுட் ரோலண்ட் ஆகியோர் நேச்சர் இதழில் இதன் விளைவை எடுத்துரைத்தனர். படையடுக்கை அடையும் இச்சேர்மங்களைப் புறஊதாக் கதிர் சிதைக்கிறது; விடுபடும் குளோரின் அணு ஓசோனைச் சிதைத்தபின் தானும் அழியாமல் மீண்டும் மீண்டும் அதே வினையில் ஈடுபடுகிறது. நைட்ரஜன் ஆக்சைடுகளின் பங்கை முன்னரே விளக்கிய பால் குருட்சனோடு இவ்விருவரும் 1995ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசைப் பெற்றனர்.

இச்சேர்மங்களின் மற்றொரு தீங்கை 1975இல் சயின்ஸ் இதழில் கணக்கிட்டுக் காட்டியவர் வீரபத்திரன் இராமநாதன். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பட்டம் பெற்ற அவர், தம் தொழில்வாழ்வைச் செகந்திராபாத்தில் குளிர்ப்பெட்டித் தொழிலில் குளிரூட்டி வளிக் கசிவைத் தடுக்கும் பணியில் தொடங்கியவர். அங்குக் கசிந்த அதே வளி, மூலக்கூற்றுக்கு மூலக்கூறு ஒப்பிடின் கார்பன் டை ஆக்சைடைவிடப் பல்லாயிரம் மடங்கு வெப்பத்தைத் தக்கவைக்கும் ஆற்றலுடையது எனப் பின்னாளில் அவரே நிறுவினார். ஓசோன் இழப்பும் வெப்பமயமாதலும் வெவ்வேறு நிகழ்வுகள். ஆயினும் ஒரே பொருள் இரண்டிற்கும் காரணமாகலாம் என்பது இவ்வாய்வால் தெளிவாயிற்று.

வெப்பமண்டலமே நுழைவாயில் என்பதற்கு நேரடிச் சான்று இந்திய வானத்திலிருந்தும் கிடைத்தது. 1987 மார்ச்சில் ஐதராபாத் பலூன் தளத்திலிருந்து, அகமதாபாத் இயற்பியல் ஆய்வகமும் ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் வளிமண்டல ஆய்வு நிறுவனமும் இணைந்து, படையடுக்குக் காற்றை உறையவைத்துச் சேகரிக்கும் கருவியைப் பறக்கவிட்டன. நடு அகலாங்குகளில் காணப்படுவதைவிட வெப்பமண்டலத்தில் இச்சேர்மங்கள் அதிக உயரம் வரை சிதையாமல் செல்வது அதனால் உறுதியாயிற்று. மேல்நோக்கிய காற்றோட்டம் அவற்றைத் தூக்கிச் செல்வதே இதற்குக் காரணம். எந்நாட்டுத் தொழிற்கூடத்தில் கசிந்தாலும் அவ்வளி படையடுக்கை அடையும் பெருவழி நிலநடுக்கோட்டின் இருபுறமும் உள்ள நாடுகளின் தலைக்கு மேலேதான் உள்ளது.

1985ஆம் ஆண்டின் கண்டுபிடிப்பு

1985 மே 16ஆம் நாள் நேச்சர் இதழில் ஜோசப் ஃபார்மன், பிரையன் கார்டினர், ஜொனாதன் ஷாங்ளின் ஆகியோர் ஹேலி நிலையத்தின் அளவீடுகளை வெளியிட்டனர். 1960களில் 300 அலகை ஒட்டியிருந்த அக்டோபர் சராசரி, 1984இல் 200 அலகுக்கும் கீழே இறங்கியிருந்தது. ஜப்பானின் சியோவா நிலையத்தில் 1982இல் இத்தகைய குறைவைக் கண்ட ஷிகெரு சுபாச்சி, 1984இல் கிரேக்க நாட்டில் நடந்த ஓசோன் மாநாட்டில் அதனை அறிவித்திருந்தார். அது அன்று போதிய கவனம் பெறவில்லை.

1978 முதல் வானில் இயங்கிய அமெரிக்கச் செயற்கைக்கோளும் இக்குறைவைப் பதிவுசெய்திருந்தது. ஆனால் 180 அலகுக்குக் கீழான அளவுகள் நம்பகமற்றவை எனக் குறியிடும் வகையில் அதன் கணிப்பு முறை அமைந்திருந்தது. மறுபரிசீலனைக்குப் பின்னரே கண்டம் முழுவதையும் தழுவிய துளையின் பரப்பு புலனாயிற்று. ஒரே இடத்தில், ஒரே வகைக் கருவியால், முப்பது ஆண்டுகள் இடைவிடாது அளந்த மரபே முதலில் உண்மையைக் கண்டது என்பது அறிவியல் வரலாற்றில் கருதத்தக்கது. அம்மரபைத் தொடங்கிய முன்னோர் இருவரும் அதனைக் காணவில்லை. டாப்சன் 1976இல் மறைந்தார், கே. ஆர். இராமநாதன் 1984ஆம் ஆண்டின் இறுதி நாளில், அக்கட்டுரை வெளிவருவதற்கு ஐந்து மாதங்களுக்கு முன்னர், காலமானார்.

சிதைவு ஏன் தென்துருவத்தில் மிகுந்தது என்பதற்கு 1986இல் சூசன் சாலமனும் உடன் ஆய்ந்தோரும் விளக்கம் அளித்தனர். குளிர்காலத்தில் துருவச் சுழலுக்குள் அடைபட்ட வளி −78 பாகை செல்சியசுக்கும் கீழே குளிரும்போது படையடுக்கில் முகில்கள் தோன்றுகின்றன. அவற்றின் துகள் பரப்பில், செயலற்ற சேமிப்பு வடிவிலுள்ள குளோரின் செயலூக்கம் பெறுகிறது. இளவேனிலில் சூரியன் எழுந்ததும் அழிவு தொடங்குகிறது. எனவே துளைக்கு மூன்று வேண்டும்: குளோரின், கடுங்குளிர், கதிரொளி. வடதுருவத்தில் குளிர் நிலைத்திராமையால் இழப்பு பெரும்பாலான ஆண்டுகளில் குறைவு.

இந்தியா 1981-82இல் அண்டார்க்டிகாவுக்கு முதல் ஆய்வுப் பயணத்தை மேற்கொண்டது. 1980களின் பிற்பகுதியிலிருந்து தட்சிண் கங்கோத்ரியிலும் பின்னர் மைத்ரி நிலையத்திலும் இந்திய ஓசோன்சோண்டே பலூன்கள் பறக்கவிடப்பட்டன. மொத்த இழப்பு படலம் முழுவதிலும் சமமாகப் பரவாமல், 14 முதல் 20 கிலோமீட்டர் வரையிலான உயரத்தில் குவிந்திருப்பதை இத்தகைய பலூன் பதிவுகள் காட்டின. வெப்பமண்டல ஓசோனுக்காகப் புணேயில் உருவான கருவி துருவத்தின் இழப்பை உயரம் உயரமாக வரைந்து காட்டியது.

'வெப்பமண்டல ஓசோன் துளை' என்னும் வாதம்

துருவத்தில் 220 அலகுக்குக் கீழ் ஓசோன் குறையும் பரப்பே துளை என வரையறுக்கப்படுகிறது. 1979க்கு முன் அண்டார்க்டிகாவில் அவ்வளவுக்குக் கீழ் பதிவானதில்லை என்பதே அவ்வரையறைக்குக் காரணம். வெப்பமண்டலத்தின் இயல்பான அளவோ பொதுவாக 240 முதல் 280 அலகு வரையே. துருவத்தில் பேரிழப்பைக் குறிக்கும் எண்ணுக்கு மிக அண்மையில் வெப்பமண்டலத்தின் இயல்பு நிலை அமைந்துள்ளது.

இவ்வண்மை குழப்பத்திற்கு இடமளிக்கிறது. 2022இல் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சிங்-பின் லூ, வெப்பமண்டலத்தின் மேல் ஆண்டு முழுவதும் நீடிக்கும் பெரும் ஓசோன் துளை 1980கள் முதல் உள்ளது என வாதிட்டார். செய்தித்தாள்கள் அதனைப் பெரிதும் பரப்பின. ஓசோன் ஆய்வாளர் பலர் அவ்வாதத்தை மறுத்தனர். மொத்த ஓசோனின் நீள்தொடர் அளவீடுகள் வெப்பமண்டலத்தில் அத்தகைய பேரிழப்பைக் காட்டவில்லை.

கொடைக்கானலின் தொடக்கக் காலச் சான்று இங்கு மதிப்புடையதாகிறது. 1928-29ஆம் ஆண்டுகளின் ஒளிப்பட முறை எண்களை இன்றைய எண்களோடு நேரே ஒப்பிடுதல் கூடாது. உறிஞ்சுதிறன் மாறிலிகள் பின்னர்ப் பலமுறை திருத்தப்பட்டன. ஆனால் அவ்வளவீடுகள் காட்டிய வடிவம், அதாவது பிற நிலையங்களைவிடக் குறைந்த, பருவமாற்றம் சிறிதேயான ஓசோன், குளோரோ ஃபுளோரோ கார்பன்கள் சந்தைக்கு வருவதற்கு முன்பே பதிவானது. ஆகவே வெப்பமண்டலக் குறைவு காற்றோட்டத்தின் இயல்பு; மனிதச் செயலின் விளைவன்று. இழப்பைப் பற்றிப் பேசுவோர் குறைவையும் இழப்பையும் வேறுபடுத்த வேண்டும் என்பதற்கு இதனினும் தக்க சான்று அரிது.

எனினும் வெப்பமண்டலம் முற்றும் ஏமமுடையது என்பதும் பொருந்தாது. 2018இல் வில்லியம் பாலும் பிறரும் வெளியிட்ட ஆய்வு, 60 பாகை தெற்கு முதல் 60 பாகை வடக்கு வரையிலான பகுதியில் கீழ்ப்படையடுக்கு ஓசோன் தொடர்ந்து சிறிது சிறிதாகக் குறைவதைச் சுட்டியது. காற்றோட்ட மாற்றம் அதற்குக் காரணமாகலாம் என்பது ஆய்வில் உள்ளது. இதனை முடிவு செய்யவும் நீள்தொடர் அளவீடே வேண்டும்.

மேட்டூரும் மான்ட்ரியல் நெறிமுறையும்

1987 செப்டம்பர் 16ஆம் நாள் மான்ட்ரியலில் ஓசோனைச் சிதைக்கும் பொருள்களைக் கட்டுப்படுத்தும் நெறிமுறை ஏற்கப்பட்டது. ஆளுக்கு ஆண்டொன்றுக்கு 0.3 கிலோகிராமுக்குக் குறைவாகப் பயன்படுத்தும் வளரும் நாடுகளுக்குப் பத்தாண்டுக் கூடுதல் காலம் அளிக்கப்பட்டது. இந்தியா உடனே கையெழுத்திடவில்லை. வளியை மிகுதியாக வெளியிட்டோர் தொழில்வளம் பெற்ற நாட்டினர். மாற்றுப் பொருள்களின் உரிமையும் அவர்களிடமே இருந்தது. மாற்றத்திற்கான செலவை யார் ஏற்பது என்பதே இந்தியாவும் சீனாவும் எழுப்பிய வினா. 1990 சூனில் நடந்த இலண்டன் மாநாட்டில், அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் மேனகா காந்தி இந்நிலைப்பாட்டை முன்வைத்தார். அங்கு முதல் மூன்றாண்டுக்கு 16 கோடி டாலர் பன்னாட்டு நிதியம் ஒப்புக்கொள்ளப்பட்டது. இந்தியாவும் சீனாவும் இணையின் அது 24 கோடியாகும் எனவும் முடிவாயிற்று. இந்தியா 1992 சூன் 19ஆம் நாள் நெறிமுறையில் இணைந்தது.

இந்தியாவில் குளோரோ ஃபுளோரோ கார்பன் உற்பத்தி செய்த நான்கு நிறுவனங்களுள் ஒன்று மேட்டூரில் இயங்கிய கெம்பிளாஸ்ட் சன்மார். 1934இல் நிறைவுற்ற மேட்டூர் அணையின் நீரும் மின்சாரமும் குளோரின் சார்ந்த வேதித்தொழிலை அவ்வூருக்கு ஈர்த்திருந்தன. குளோரினிலிருந்து பெறப்படும் கார்பன் டெட்ரா குளோரைடு, ஹைட்ரஜன் ஃபுளோரைடோடு வினைபுரிந்து குளிரூட்டி வளியாகிறது. அணையின் நீர்ப்பரப்பு தருமபுரி மாவட்ட எல்லையைத் தொட்டு நிற்பது. 1928இல் அமெரிக்க ஆய்வகத்தில் பிறந்த பொருளின் ஒரு கிளை இவ்வாறு காவிரிக் கரையில் வேர்கொண்டது.

1999இல் பன்னாட்டு நிதியம் இந்தியாவின் உற்பத்தித் துறைக்கு 8.2 கோடி டாலர் வழங்க ஒப்பியது. ஆண்டு உற்பத்தியைப் படிப்படியாகக் குறைத்து 2010இல் முற்றும் நிறுத்துவது அதற்குரிய கடப்பாடு. 2000இல் நடுவணரசு ஓசோன் சிதைக்கும் பொருள்கள் (ஒழுங்குமுறை, கட்டுப்பாடு) விதிகளை இயற்றியது. ஆத்துமா நோயாளருக்கான உறிஞ்சுமருந்துத் தேவை நீங்கலாக, 2008 ஆகஸ்டு 1ஆம் நாள், உரிய காலத்திற்கு 17 மாதங்கள் முன்னரே இந்தியா உற்பத்தியை நிறுத்தியது. செலவைப் பகிர்ந்தால் கடமையை விரைந்து முடிக்க இயலும் என்பதை இந்நிகழ்வு காட்டிற்று.

மாற்றாக வந்த ஹைட்ரோ ஃபுளோரோ கார்பன்கள் ஓசோனைச் சிதைப்பதில்லை. ஆனால் வெப்பத்தை மிகுவிப்பவை. அவற்றைக் குறைக்கும் 2016ஆம் ஆண்டின் கிகாலி திருத்தத்தை இந்தியா 2021இல் ஏற்றது. வீரபத்திரன் இராமநாதனின் 1975ஆம் ஆண்டு எச்சரிக்கை இவ்வழியே சட்டமாயிற்று.

வத்தல்மலை: வாயிலின் கீழ் ஒரு வாழிடம்

கிழக்குத் தொடர்ச்சி மலையின் பகுதியான வத்தல்மலை, தருமபுரி மாவட்டத்தில் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரத்தில் உள்ளது. மலையாளி பழங்குடியினர் அங்குச் சாமை, கேழ்வரகு, காபி, மிளகு பயிரிட்டு வாழ்கின்றனர். ஏப்ரலின் பிற்பகுதியிலும் ஆகஸ்டின் பிற்பகுதியிலும் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. உயரம் 1,000 மீட்டர் கூடின் புறஊதாக் கதிர் ஏறத்தாழ பத்து விழுக்காடு மிகும். இயல்பாகவே மெல்லிய ஓசோன், நேர்நிற்கும் சூரியன், மலை உயரம் ஆகிய மூன்றும் கூடிய நிலத்தில், நாள் முழுதும் திறந்த வெளியில் உழைப்போர் அம்மக்கள். இக்கதிர் மிகுதி இயற்கையானது. அண்டார்க்டிக் துளை அம்மலைக்கு மேல் வந்ததில்லை.

ஆயினும் வராது என்னும் உறுதி தானே அமைந்ததன்று. 2009இல் அமெரிக்க விண்வெளி நிறுவனத்தின் பால் நியூமனும் பிறரும், மான்ட்ரியல் நெறிமுறை இல்லாதிருந்தால் என்ன நிகழ்ந்திருக்கும் எனக் கணினி மாதிரியால் கணித்தனர். குளோரோ ஃபுளோரோ கார்பன் வெளியீடு ஆண்டுக்கு மூன்று விழுக்காடு வளர்ந்திருப்பின், 2065இல் உலக ஓசோனின் மூன்றில் இரு பங்கு அழிந்திருக்கும். இக்கணிப்பின் மற்றொரு முடிவு இக்கட்டுரைக்கு இன்றியமையாதது. 2050களில் வெப்பமண்டலக் கீழ்ப்படையடுக்கின் ஓசோன் சரிந்து வீழ்ந்திருக்கும். அங்குள்ள கடுங்குளிரும் மிகுந்த குளோரினும் கூடும்போது, துருவத்தில் நிகழ்ந்த அதே துகள் பரப்பு வினை அங்கும் நிகழும் என்பதே காரணம். 1929இல் கே. ஆர். இராமநாதன் சுட்டிய வெப்பமண்டல மேல்வானக் குளிர், துருவத்தின் கேட்டை வத்தல்மலையின் உச்சிக்குக் கொண்டுவரும் கருவியாக மாறியிருக்கும். ஏற்கெனவே மெல்லியதாக உள்ள படலத்திற்கு இழக்க இடமில்லை.

சாமை விளைவிக்கும் மலைச்சிற்றூர் மக்கள் அவ்வளியை வெளியிட்டவர்கள் அல்லர். குளிர்ப்பெட்டியின் பயனைப் பெரிதும் துய்த்தவர்களும் அல்லர். வெளியீட்டில் பங்கில்லாதோர் விளைவில் முதன்மைப் பங்கு பெறும் இந்நிலையே, 1990இல் இலண்டனில் எழுப்பப்பட்ட நீதி குறித்த வினாவின் உண்மையான பொருள். அதனை நாடுகளின் பேரமாக மட்டும் காண்பது குறைபார்வையாகும்.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன. முதலாவது, துருவ ஓசோன் இழப்பும் வெப்பமண்டல வானமும் ஒரே காற்றோட்டத்தின் இரு முனைகள். ஒன்றை விடுத்து மற்றொன்றின் வரலாற்றை எழுதுதல் நிறைவாகாது. இரண்டாவது, கொடைக்கானலின் 1928ஆம் ஆண்டு அளவீடு, இயல்பான குறைவையும் மனிதன் விளைத்த இழப்பையும் பிரித்தறிய இன்றும் துணைநிற்கிறது. மூன்றாவது, மேட்டூர் உள்ளிட்ட இந்திய உற்பத்தி நிறுத்தம், செலவுப் பகிர்வை வலியுறுத்திய நிலைப்பாட்டின் பயனாகவே உரிய காலத்திற்கு முன் நிறைவுற்றது.

2023 சனவரியில் வெளியான ஐக்கிய நாடுகள் அவையின் மதிப்பீட்டின்படி, நடப்புக் கொள்கைகள் தொடருமாயின் ஓசோன் படலம் 1980ஆம் ஆண்டின் நிலைக்கு அண்டார்க்டிகாவில் 2066ஐ ஒட்டியும், ஆர்க்டிக் பகுதியில் 2045ஐ ஒட்டியும், ஏனைய பகுதிகளில் 2040ஐ ஒட்டியும் மீளும். அம்மீட்சியை உறுதிசெய்ய இன்னும் நாற்பது ஆண்டுகள் இடைவிடாது அளக்க வேண்டும். ஹேலியில் முப்பது ஆண்டுகள் சலிப்பின்றி எடுத்த அளவீடே துளையைக் காட்டியது. வெப்பமண்டல நிலையங்களின் அளவீட்டுத் தொடர் அறுபடாமல் காக்கப்படுதல், துருவத்திற்கு ஆற்றும் தொண்டாக மட்டுமன்றி, வத்தல்மலை போன்ற நிலங்களின் வானத்தைக் காக்கும் கடமையாகவும் கருதப்பட வேண்டும்.